ஊர்க் குளத்து மீனும் ஊராட்சியின் பொறுப்பும்

ஊராட்சி ஒன்றின் வரவு செலவுக் கணக்கைப் புரட்டிப் பார்ப்போர், வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் முதலிய இனங்களுக்குக் கீழே "மீன்பாசிக் குத்தகை" என்று ஒரு வரி இருக்கக் காண்பர். குளத்து மீனைப் பற்றி ஊராட்சியின் கணக்கு அறிந்திருப்பது அந்த ஒரு வரிதான். குளத்தின் பரப்பு எவ்வளவு, ஆயக்கட்டு எவ்வளவு, மதகு எத்தனை, கலிங்கின் நீளம் என்ன என்பனவெல்லாம் எழுதப்பட்டிருக்கும். கரையிலுள்ள புளியமரங்களுக்குக்கூட எண் இடப்பட்டிருக்கும். ஆனால் அந்நீரில் என்னென்ன மீன்கள் வாழ்கின்றன, அவற்றுள் எவை பெருகி வருகின்றன, எவை அருகி வருகின்றன என்று கேட்டால் விடை சொல்ல ஏடு இல்லை. ஏலத் தொகை சென்ற ஆண்டினும் கூடிற்றா, குறைந்ததா என்பது ஒன்றே கேட்கப்படுகிறது. மீன் பொதுச் சொத்து என்பதை நாம் அனைவரும் ஒப்புக்கொள்கிறோம். சொத்தின் இருப்பு எவ்வளவு என்பதை மட்டும் பார்ப்பதில்லை.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. இவற்றுள் 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுடையவை நீர்வளத் துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும் இருந்து வருகின்றன. எண்ணிக்கையில் பெரும் பகுதி ஒன்றியங்களைச் சேர்ந்ததே. ஆதலின் நாட்டு மீன்களைக் காக்கும் திட்டம் தலைநகரில் எத்துணை நன்றாகத் தீட்டப்படினும், அது நிறைவேறுவதும் நிறைவேறாமற் போவதும் ஊர்க் கரையில்தான்.

மீனின் ஆண்டு

குளத்தைக் காக்க விரும்புவோர் முதலில் மீனின் ஆண்டு எவ்வாறு நடக்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். உழவருக்கு ஆடிப்பட்டம், தைப்பட்டம் உள்ளதுபோல மீனுக்கும் பட்டம் உண்டு.

வடகிழக்குப் பருவமழை தொடங்கி, ஐப்பசி, கார்த்திகையில் குளங்கள் நிரம்புகின்றன. மேல் ஏரியின் கலிங்கு வழிந்து கீழ் ஏரிக்கும், அதன் கலிங்கு வழிந்து அதற்கடுத்த ஏரிக்கும் நீர் செல்கிறது. நம் முன்னோர் ஏரிகளைத் தனித்தனியாக வெட்டாமல் சங்கிலிபோல் ஒன்றோடொன்று இணைத்து வைத்தது நீருக்காகத்தான் என்றாலும், அதனால் மீனுக்கும் ஒரு வழி கிடைத்தது. புதுவெள்ளத்தின் ஓசையும் குளிர்ச்சியும் பட்டவுடனே, சினைகொண்ட கெண்டையும் கெளுத்தியும் வாளையும் நீரோட்டத்தை எதிர்த்து ஏறத் தொடங்கும். வரத்துக் கால்வாயின் ஓரங்களிலும், நீரில் மூழ்கிய புல்தரைகளிலும், ஏரியின் மேற்புறத்து ஆழமற்ற பரப்புகளிலும் முட்டையிடும். அங்கு வெயில் படும். நுண்ணுயிர்கள் மிகுதியாக இருக்கும். பெரிய மீன்களின் தொல்லை குறைவு. குஞ்சுகள் சில வாரங்கள் அங்கே வளர்ந்து, நீர் வடியும்போது தாமே ஆழமான பகுதிக்கு இறங்கி வந்துவிடும். இவற்றுள் ஒன்றுக்கும் நாம் ஒரு காசு செலவிடுவதில்லை.

விராலின் முறை வேறு. அது வெள்ளத்தோடு போராடுவதில்லை. கோரையும் கொடியும் அடர்ந்த கரையோரத்தில், செடிகளை விலக்கி வட்டமான ஓர் இடம் செய்து, அதில் முட்டையிடும். முட்டைகள் நீரின் மேல் மிதக்கும். அவை பொரியும் வரையிலும், பொரித்த பின் குஞ்சுகள் தாமாகத் திரியும் வரையிலும் தாயும் தந்தையும் காவல் நிற்கும். செம்மஞ்சள் நிறமுள்ள அக்குஞ்சுகள் ஒரே கூட்டமாக மேலெழுந்து மூச்சு வாங்குவதைக் கரையில் நிற்பவர் எளிதிற் காணலாம். எளிதிற் காணலாம் என்பதே அவற்றின் கேடாகவும் முடிகிறது. குஞ்சுக் கூட்டத்தின் கீழே பெரிய விரால் நிற்கும் என்பதை அறிந்தவர் அவ்விடத்தைக் குறிவைத்து வலை வீசுகின்றனர். ஒரு விரால் கிடைக்கிறது. காவலிழந்த குஞ்சுகள் பிற மீன்களுக்கும் பறவைகளுக்கும் இரையாகின்றன. இருநூறு கிராம், முந்நூறு கிராம் கூடுதலாகக் கிடைத்ததென்று மகிழ்வோர், இழந்த கூட்டத்தைக் கணக்கில் கொள்வதில்லை.

கோடையின் கதை இவ்விரண்டினும் முக்கியமானது. மாசி, பங்குனியில் நீர் சுருங்கி, மதகடிக்கு அருகிலுள்ள தாழ்ந்த பள்ளத்தில் ஒதுங்கும். விரால், குரவை, தேளி, பனையேறிக் கெண்டை ஆகியவை காற்றை நேரே மூச்சிழுக்க வல்லவை. கலங்கிய, வெதுவெதுப்பான நீரிலும் உயிர் தாங்கும். ஆரால் சேற்றில் புதைந்து கிடக்கும். அயிரை மணலுக்குள் ஒளியும். இம்மீன்கள் அடுத்த மழைவரை ஏதோ ஓரிடத்தில் உயிரோடு இருந்தால் போதும். மறு ஆண்டு குளம் தானே நிறையும். அந்த ஓரிடம் இல்லாமற் போகும்போதுதான் இனம் அற்றுப்போகிறது. ஆகவே ஒரு குளத்தின் மீன்வளம் கார்த்திகையில் எவ்வளவு நீர் நிற்கிறது என்பதைக் காட்டிலும், வைகாசியில் எங்கே சிறிது நீர் எஞ்சுகிறது என்பதைப் பொறுத்தது எனலாம்.

ஊற்றும் மணலும் உள்ள கண்மாய்களில் மணலை வாரிக் கொண்டுபோனபின் அயிரை காணாமற் போயிற்று என்று மதுரை, சிவகங்கைப் பகுதிகளில் முதியோர் சொல்லக் கேட்கலாம். அது வியப்பன்று, வீட்டை எடுத்துவிட்டால் குடியிருப்பவர் எங்கே போவார்? பானையில் உயிரோடு விற்கப்படும் அயிரைக்கு இன்று சந்தையிலுள்ள விலையைக் கண்டவர்கள், சிறு மீன் அற்ப மீன் என்று சொல்லமாட்டார்கள்.

சட்டமும் அணைகளும்

மீனுக்கு ஆட்சியின் காப்பு வேண்டும் என்ற எண்ணம் புதியதன்று. சென்னைப் படையில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே என்பவர், இந்தியாவிலும் பர்மாவிலும் உள்ள நன்னீர் மீன்களைப் பற்றிய தம் அறிக்கையை 1873-இல் வெளியிட்டார். நுண்ணிய கண்களையுடைய வலைகளால் குஞ்சுகள் அழிவதையும், ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட அணைகளால் மீன் மேலேற முடியாமற் போவதையும் அவர் அதில் எடுத்துக் காட்டினார். இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1897-இல், இந்திய மீன்வளச் சட்டம் பிறந்தது. வெடிவைத்தும், நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை அது குற்றமாக்கிற்று. நிலையான பொறிகளையும் தடுப்புகளையும் கட்டுப்படுத்தவும், வலைக்கண்ணின் அளவை வரையறுக்கவும், குறித்த ஒரு நீர்நிலையில் இரண்டாண்டுகளுக்கு மேற்படாமல் மீன்பிடிப்பை அடியோடு நிறுத்திவைக்கவும் மாகாண அரசாங்கங்களுக்கு அதிகாரம் அளித்தது. சென்னை மாகாணத்தில் சர் பிரடெரிக் நிக்கல்சனின் முயற்சியால் 1907-இல் மீன் இலாகா அமைந்தது. சட்டமும் இலாகாவும் நூறாண்டைக் கடந்துவிட்டன. கரையில் நிற்பவர் அவற்றை அறியாதிருப்பதே குறை.

காவிரியின் வரலாறு இவ்வகையில் நன்கு சிந்திக்கத் தக்கது. கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காக ஆற்றில் ஏறும் உள்ளம் என்னும் மீன், வங்கத்தில் எவ்வளவு போற்றப்படுகிறதோ அவ்வளவு ஒரு காலத்தில் கொள்ளிடக் கரையிலும் போற்றப்பட்டது. 1836-இல் கொள்ளிடத்தில் மேலணையும் கீழணையும் கட்டப்பட்டன. தஞ்சை வயல்களுக்கு அவை செய்த நன்மை சொல்லில் அடங்காது. ஆயினும் உள்ளத்திற்கு அவை சுவர். கீழணையில் மீன் ஏறிச் செல்ல ஏணிபோன்ற அமைப்பைச் செய்து பார்த்தனர். அது பயன் தரவில்லை. 1934-இல் மேட்டூர் அணை முடிந்து, வெள்ளத்தின் அளவும் காலமும் மாறியபின், காவிரியில் உள்ளம் ஏறுவது பழங்கதையாயிற்று.

அணையின் மேற்புறத்திலும் மாறுதல் நேர்ந்தது. காவிரிக்கே உரிய கெண்டைகளான வெண்கெண்டை, கருமுழிக் கெண்டை, கோழிமீன் ஆகியவை மேட்டூர் நீர்த்தேக்கத்தின் தொடக்க ஆண்டுகளில் மிகுதியாகப் பிடிபட்டன. ஓடும் நீரில் முட்டையிடும் இம்மீன்கள் நாளடைவில் குறைந்தன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோதாவரிப் பக்கத்திலிருந்து கொண்டுவரப்பட்ட கட்லா அங்கே நிலைபெற்றது. காவிரியின் பெருமீனாகிய முதுகு உயர்ந்த மகசீர் இன்னும் இரங்கத்தக்க நிலையில் இருக்கிறது. ஆளுயரம் வளரக்கூடிய அம்மீனுக்கு அறிவியல் முறைப்படி சரியான பெயர் தீர்மானிக்கப்பட்டதே 2018-இல்தான். அதே ஆண்டில், உலக அளவிலான அருகிய உயிரினப் பட்டியலில் மிகவும் ஆபத்தான நிலையிலுள்ளது என்று அது சேர்க்கப்பட்டது. பெயரிடுவதற்குள் பெயர்த்தெடுக்கும் நிலைக்கு வந்துவிட்டோம்.

வந்த மீன்களும் இருந்த மீன்களும்

இங்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கங்கைக் கெண்டைகளைக் குளங்களில் விட்டது தவறான செயல் என்று நான் கூற வரவில்லை. அவற்றின் குஞ்சுகள் ஒரு காலத்தில் வங்காளத்து ஆறுகளிலிருந்து இரயிலில் வந்தன. வழியில் இறந்தவை போக எஞ்சியவைதாம் நமக்குக் கிடைத்தன. 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள், கட்டாக்கில், டாக்டர் ஹீராலால் சௌத்ரி பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசிமூலம் செலுத்திக் கெண்டைகளைக் குளத்திலேயே முட்டையிடச் செய்தார். அந்நாளே இன்று நாடெங்கும் மீன்வளர்ப்போர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அம்முறையால் பவானிசாகர், சாத்தனூர் முதலிய இடங்களிலுள்ள மீன் பண்ணைகள் நம் மாநிலத்திலேயே குஞ்சு உற்பத்தி செய்ய இயன்றது. ஏழை எளியவர் வாங்கத்தக்க விலையில் மீன் கிடைத்ததற்கு இக்கெண்டைகள் பெரிதும் காரணம்.

ஆயினும் இவை குளத்து நிலைநீரில் தாமே முட்டையிட்டுப் பெருகுவதில்லை. ஆண்டுதோறும் விலைகொடுத்து விடவேண்டும். ஹெக்டேருக்கு 2,000 குஞ்சுகள் என்ற வழக்கமான கணக்கில், 20 ஹெக்டேர் நீர்ப்பரப்புள்ள ஏரிக்கு 40,000 குஞ்சுகள் வேண்டும். மழை பொய்த்து ஏரி மூன்று மாதத்தில் வற்றினால் அத்தொகை அவ்வளவும் நட்டம். நாட்டு மீன் அப்படியன்று. அது இவ்வூரின் வறட்சியையும் வெள்ளத்தையும் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பழகியது. கடன் கேளாத விதை அது.

மீன் வளர்ப்புக் கையேடுகளில் விராலும் கெளுத்தியும் "கொன்றுண்ணிகள்" என்றும், சிறு கெண்டைகளும் முண்டக்கண்ணி போன்றவையும் "களை மீன்கள்" என்றும் எழுதப்பட்டிருக்கும். கெண்டைக் குஞ்சு விடுமுன் இலுப்பைப் பிண்ணாக்கு இட்டு இவற்றை ஒழிக்க வேண்டுமென்றும் அவை அறிவுறுத்தும். தன் சொந்த நிலத்தில் பண்ணைக்குட்டை வெட்டி மீன் வளர்ப்பவருக்கு அது சரியான அறிவுரையே. அதை எடுத்து ஊர்ப் பொதுக் கண்மாய்க்குப் பொருத்துவதுதான் பொருந்தாது. பயிரிடும் வயலில் களையெடுக்கலாம். மேய்ச்சல் நிலத்திலும் காட்டிலும் களையெடுக்கப் புகுந்தால் எஞ்சுவது என்ன? "களை" எனப்பட்ட அச்சிறு மீன்களைத்தாம் கூலிக் குடும்பங்கள் முள்ளும் தலையுமாகக் குழம்பு வைத்து உண்கின்றன. குழந்தைகளுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து அதில்தான் இருக்கிறது. கொசுப் புழுவை ஒழிப்பதற்கென 1928-இல் இத்தாலியிலிருந்து காம்பூசியா என்ற மீனை இந்நாட்டிற்கு வருவித்தார்கள். அதே வேலையைச் செய்யும் முண்டக்கண்ணி அப்போதும் நம் வாய்க்காலில் நீந்திக்கொண்டுதான் இருந்தது.

அயல்நாட்டு மீன்களின் வரலாற்றில் இரண்டை மட்டும் குறிப்பிடுகிறேன். ஜிலேபி என்று மக்கள் அழைக்கும் திலாப்பியா 1952-இல் மண்டபத்திற்குக் கொண்டுவரப்பட்டது. எங்கும் பிழைக்கும், எதையும் தின்னும், விரைந்து பெருகும் என்ற குணங்களே அதன் சிறப்பாகப் பேசப்பட்டன. பின்னர் அக்குணங்களே தொல்லையாயின. குளங்களில் உள்ளங்கை அளவுக்கு மேல் வளராமல் எண்ணிக்கையில் மட்டும் பெருகி, மற்ற மீன்களின் இரையையும் இடத்தையும் எடுத்துக்கொண்டது. இன்று அதை ஒழிக்க எவராலும் இயலாது. பிடித்து உண்பதே வழி. ஆப்பிரிக்கக் கெளுத்தி அதனினும் கொடியது. கோழிக் கழிவையும் பிற கழிவுகளையும் இட்டு வளர்க்கப்படும் அது, கரையில் ஊர்ந்து அடுத்த நீர்நிலைக்குச் செல்ல வல்லது. கண்ணில் பட்ட மீனையெல்லாம் விழுங்குவது. மத்திய அரசாங்கம் 2000-ஆம் ஆண்டில் அதன் வளர்ப்பைத் தடைசெய்தது. தடை இருந்தும் மறைவாக வளர்ப்போர் உளர். வெள்ளக் காலத்தில் ஒரு குட்டை உடைந்தால் ஏரிச் சங்கிலி முழுவதும் அது பரவும். உரிமம் கோரி வரும் குட்டைகளைச் சென்று பார்க்கும் ஊராட்சி அலுவலர்கள், என்ன மீன் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கையொப்பமிடுதல் நன்று. மீசை நீண்ட கெளுத்தியைப் பார்த்து "நாட்டு மீன்தான்" என்று கூறிவிட்டால் நம்பி வந்துவிடுவது எளிது.

குத்தகையின் நிபந்தனைகள்

இனி விஷயத்தின் முக்கிய பாகத்திற்கு வருவோம். குளத்து மீன் குத்தகைக்கு விடப்படுகிறது. ஏலம் எடுத்தவர் போட்ட பணத்தையும் அதற்கு மேல் இலாபத்தையும் குறித்த காலத்திற்குள் எடுக்க வேண்டும். ஓராண்டுக் குத்தகை எடுத்தவர், அவ்வாண்டின் கடைசி மீனையும் எடுத்துக்கொண்டு போவதில் வியப்பில்லை. அடுத்த ஆண்டு குளம் யாருக்கோ! அவரைப் பேராசைக்காரர் என்று ஏசுவதில் பயனில்லை. நாம் எழுதிக்கொடுத்த பத்திரம் அவரை அப்படிச் செய்யத் தூண்டுகிறது.

நான் பணியாற்றிய ஓர் ஒன்றியத்தில், குத்தகை முடிய இரு வாரங்கள் இருக்கையில், ஒரு கண்மாயின் எஞ்சிய நீரில் இரவோடிரவாக வெளிறு தூளைக் கலந்துவிட்டார்கள். காலையில் விரலளவுக் குஞ்சு முதல் எல்லாம் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. அந்நீரைத்தான் ஊர் மாடுகள் குடித்து வந்தன. விசாரணைக்குப் போனபோது, கரையில் நின்ற முதியவர் ஒருவர் சொன்னார்: "ஐயா, மீன் அவர் ஏலம் எடுத்தது, எடுத்துக்கிட்டுப் போகட்டும். தண்ணியை யாரு ஏலம் விட்டது?" அக்கேள்விக்கு எங்களிடமிருந்த குத்தகைப் பத்திரத்தில் விடை இல்லை. நஞ்சிடக் கூடாது என்ற சொல்லே அதில் எழுதப்படவில்லை. வைப்புத் தொகையைப் பறிமுதல் செய்யவும் வழியில்லை. 1897-ஆம் ஆண்டுச் சட்டப்படிப் புகார் கொடுக்கப்பட்டது. அச்சட்டம் பிறந்தபோது விதித்த தண்டனை, இரண்டு மாதம் வரை சிறை அல்லது இருநூறு ரூபாய் வரை அபராதம். அந்நாளில் இருநூறு ரூபாய் பெருந்தொகை.

மதகைத் திறந்துவிட்டு நீரை வடிப்பது இன்னொரு வழக்கம். நீர் குறைந்தால் மீன் பிடிப்பது எளிதாகும் என்பதற்காகக் குத்தகைதாரர் செய்வது. கதிர் முற்றும் நேரத்தில் கடைமடைக்காரர் நீரின்றித் திகைப்பார். மீன் உரிமை வேறு, நீர் உரிமை வேறு என்பதைப் பத்திரத்திலேயே எழுதிவிட்டால் இச்சண்டைகளில் பாதி எழா.

எனவே ஊராட்சிகள் ஏல அறிவிப்பிலும் குத்தகைப் பத்திரத்திலும் சேர்க்க வேண்டியவை யாவை என்று பார்ப்போம். நஞ்சு, வெடி, மின்சாரம் ஆகியவற்றால் மீன் பிடித்தால் வைப்புத் தொகை முழுதும் இழக்கப்படும் என்ற நிபந்தனை முதலாவது. மதகையும் கலிங்கையும் குத்தகைதாரர் தொடலாகாது. வரத்துக் காலிலும் கலிங்கின் அடியிலும் ஐப்பசி, கார்த்திகை இரு மாதங்களும் பறி வைப்பதும் வலை கட்டுவதும் கூடாது. ஏறும் மீனின் வயிற்றில் அடுத்த ஆண்டின் ஏலத் தொகை இருக்கிறது என்பதை ஊராருக்கு விளக்கினால் போதும், காவல் தேவைப்படாது. கொசுவலைத் துணியை வலையாகப் பயன்படுத்துவதைத் தடுக்க வேண்டும். வலைக்கண்ணின் அளவை உதவி இயக்குநர் அலுவலகத்து மீன்வள அலுவலரைக் கேட்டு அக்குளத்திற்கேற்ப எழுதிக்கொள்ளலாம்.

இவற்றினும் மேலானது பள்ளத்தைக் காப்பது. ஏரியின் மதகடிப் பள்ளம், அல்லது அதைப்போல ஆழமான ஓரிடம், குளத்தின் பரப்பில் சிறு பகுதியே ஆகும். அதைக் குத்தகையிலிருந்து விலக்கி, நான்கு மூலையிலும் கல் நட்டு, உள்ளே முள் விறகையும் மரக்கிளைகளையும் இட்டுவிட்டால் எந்த வலையும் அங்கே ஓடாது. கோடையில் விராலும் கெளுத்தியும் அதில் தங்கும். குடிமராமத்திலோ வேலை உறுதித் திட்டத்திலோ தூர் வாரும்போது, குளத்தின் அடியைத் தட்டையாகச் சமன்செய்யாமல் இப்பள்ளத்தை மட்டும் சற்று ஆழப்படுத்திவிட்டால், கூடுதல் செலவு இல்லாமலே காரியம் முடிந்துவிடும். தூர் வாரும் வேலையை அளவெடுத்துச் சரிபார்க்கும் பொறியாளர்கள் தட்டையான அடியை விரும்புவர். அளப்பதற்கு அது எளிது. மீன் அளவுபுத்தகத்தைப் பார்த்து வாழ்வதில்லை என்று அவர்களிடம் அன்போடு எடுத்துக் கூறவேண்டும்.

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கங்களில் கோடையில் நடக்கும் மீன்பிடித் திருவிழாவை அறியாதார் இலர். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும், ஊத்தாவும் கச்சாவும் கையுமாகப் பல ஊர் மக்கள் ஒரே நேரத்தில் இறங்குவர். சாதி பேதமின்றி, பணம் கொடாமல், ஒவ்வொரு வீட்டிலும் அன்று மீன் குழம்பு கொதிக்கும். அத்தகைய விழா நடக்கும் ஊரில் கண்மாயை வணிகக் குத்தகைக்கு விடாமலிருப்பதும் உண்டு. வருமானம் போயிற்றே என்று தணிக்கையாளர் குறிப்பு எழுதலாம். ஆனால் ஊரார் விழாநாள் வரை வேறெவரையும் வலை வீசவிடாமல் காப்பதால், மீன்கள் அதுவரை வளர்ந்து, மழைக்காலத்தில் ஒருமுறையேனும் இனம்பெருக்கிவிடுகின்றன. என் கருத்தில் அது நல்ல மேலாண்மையே. அதில் சேர்க்க வேண்டியது ஒன்றுதான்: பள்ளத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தில் இறங்குவது என்ற ஒரு கட்டுப்பாடு. கோயில் குளத்தில் மீன் பிடிக்கலாகாதென்பதை மீறாத நம் மக்கள், இதையும் மீறமாட்டார்கள்.

வேடந்தாங்கல் மக்கள், தம் ஏரிக்கு வரும் பறவைகளைச் சுடலாகாது என்று பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவிலும், மீண்டும் 1858-இலும் கலெக்டரிடம் எழுத்து வாங்கிவைத்தார்கள். அப்பறவைகள் தம் குஞ்சுகளுக்குக் கொண்டுவரும் மீன், சுற்றியுள்ள பல ஊர் ஏரிகளிலிருந்து வருவது. அம்மீனுக்கு எழுத்து வாங்கியவர் எவருமில்லை.

அரசாங்கத் திட்டமும் ஊரார் கோரிக்கையும்

மத்திய அரசாங்கம் 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், ஆறுகளில் அந்தந்த ஆற்றுக்குரிய மீன்களின் குஞ்சுகளை விடுவதும் ஓர் அங்கம். சேல்கெண்டை, கல்பாசு போன்ற மீன்களை அரசு மீன் பண்ணைகளில் இனப்பெருக்கம் செய்து ஆறுகளில் விடும் பணியை நம் மாநில மீன்வளத் துறையும் மேற்கொண்டு வருகிறது. இது வரவேற்கத்தக்கதே. எனினும் விட்ட குஞ்சு வாழவேண்டுமே! கழிவுநீர் கலக்கும் ஆற்றிலும், மணல் வாரப்பட்ட படுகையிலும் குஞ்சை விடுவது, நாற்றங்காலை வளர்த்துத் தார்ச்சாலையில் நடுவதற்கொப்பாகும். மேலும், ஒரு சில தாய்மீன்களின் குஞ்சுகளையே எல்லா ஆறுகளிலும் விட்டால், ஒவ்வோர் ஆற்றிலும் தனித்தனியே அமைந்த குணங்கள் கலந்து மறையும் என்று அறிவியலார் எச்சரிக்கின்றனர். தாமிரபரணிக்குத் தாமிரபரணித் தாய்மீன், பவானிக்குப் பவானித் தாய்மீன் என்ற முறையே நேர்மையானது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அக்காலத்தில் மீனவர் குடும்பங்களுக்கு உதவித்தொகை வழங்கப்படுகிறது. அதுபோல ஊரறிந்த தடைக்காலம் குளங்களுக்கு வழக்கில் இல்லை. கடலைப்போல ஒரே தேதியை எல்லாக் குளத்திற்கும் விதிக்கவும் முடியாது. காவிரிக் கழிமுகத்து ஏரியில் நீர் ஏறும் காலம் வேறு, தென்மேற்குப் பருவமழை பெறும் கன்னியாகுமரிக் குளத்தில் வேறு. ஆகவே இதை ஊராட்சிகளே தீர்மானிப்பது பொருத்தம். உள்ளூர் மீனவர் கூட்டுறவுச் சங்கம் இருக்குமிடத்தில், ஒரே ஆண்டுக்கு விடாமல், மூன்றாண்டுக்கோ ஐந்தாண்டுக்கோ அச்சங்கத்திற்கு விடுவது நன்மை தரும். இரண்டாம் ஆண்டும் தமக்கே என்றறிந்தவர், முதலாண்டில் தாய்மீனை விட்டுவைப்பார்.

தொகை குறையுமே என்ற கவலை ஊராட்சித் தலைவர்களுக்கு இயல்பு. நிபந்தனைகள் பெருகினால் முதல் ஏலத்தில் கேட்போர் சற்றுத் தயங்குவது உண்மைதான், அதை மறைப்பதற்கில்லை. தெருவிளக்குக் கட்டணத்திற்கும் குடிநீர்க் குழாய் பழுதிற்கும் அத்தொகையையே நம்பியிருக்கும் சிற்றூராட்சிகளும் உள்ளன. அத்தகைய இடங்களில் எல்லா நிபந்தனைகளையும் ஒரே ஆண்டில் புகுத்தாமல், நஞ்சுத் தடையும் பள்ளமும் முதலாண்டில், வரத்துக்கால் தடை மறு ஆண்டில் என்று படிப்படியாகச் செல்லலாம். விராலும் அயிரையும் மீண்டும் பெருகினால் கிடைக்கும் விலை, கெண்டையை மட்டும் நம்பிய ஏலத்தைத் தாண்டும் என்பது என் நம்பிக்கை. அதைக் கணக்காகக் காட்ட வேண்டுமாயின் கணக்கு வேண்டும். குத்தகைதாரர் பிடிக்கும் மீனின் வகையையும் எடையையும் மாதந்தோறும் எழுதித் தரவேண்டும் என்ற நிபந்தனை அதற்காகவே. 2002-ஆம் ஆண்டு உயிரியற் பன்மைச் சட்டத்தின்படி ஒவ்வோர் ஊரிலும் எழுதப்பட வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் மீனுக்கும் இடமுண்டு. பக்கத்து ஊர் ஏட்டைப் பார்த்துப் படியெடுக்காமல், வலை வீசும் இருவரையும் சந்தையில் மீன் விற்கும் பெண்கள் இருவரையும் அழைத்து உட்காரவைத்துக் கேட்டாலே அப்பக்கம் ஒரு மாலையில் நிறைந்துவிடும். அவர்கள் சொல்லும் பெயர்களை, அவர்கள் சொல்லும்படியே எழுதிக்கொள்ள வேண்டும்.

மீன்பாசிக் குத்தகை அனேகமாகப் பசலி ஆண்டை அனுசரித்து ஜூலை முதல் தேதியில் தொடங்குகிறது. அதற்கு முந்திய கிராம சபை மே முதல் தேதி கூடும். ஏல நிபந்தனைகளை ஏலத்தன்று காலையில் படித்துக் காட்டுவதைவிட, மே மாதக் கிராம சபையிலேயே ஒவ்வொன்றாகப் படித்து, ஆயக்கட்டுதாரரும் மீன் பிடிப்போரும் மாடு வைத்திருப்போரும் கேட்கும்படி விவாதித்துத் தீர்மானம் எழுதிக்கொள்ளலாம். அப்போது குளத்தில் நீர் மிகக் குறைந்திருக்கும். பள்ளம் எங்கே என்று எவரும் தேடவேண்டியதில்லை. கூட்டம் முடிந்ததும் எல்லாரும் கரைக்குச் சென்று அன்றைக்கே கல் நட்டுவிடலாம்.